கயிற்றுத் தெருவுக்கு வந்த வெண்கல மணி

கொள்ளைநோய் அந்தத் தெருவுக்குள் நுழைந்தபோது யாருக்கும் பல் போகவில்லை. காய்ச்சல் வந்தது, மூச்சு முட்டியது, இரண்டொருவரைக் கொண்டும் போனது. ஆனாலும் மிச்சமிருந்தவர்களின் பற்கள் அவரவர் வாயில் பத்திரமாக இருந்தன. முதல் பல் விழுந்தது பாராட்டுக் கூட்டத்தில்தான். அது கறிக்கடைக்காரரின் முன்பல். ‘மக்கள் முன்னெடுப்பு நல்வாழ்வுப் புத்தாக்க வாரியம்’ என்று அச்சடித்த விரிப்பின் மேல் அது விழுந்தது. அதை எடுத்துக் கையில் கொடுத்த தையல்காரிக்கு, பாராட்ட வந்தவர்களால் பல் ஏன் போக வேண்டும் என்று கடைசிவரை விளங்கவில்லை.

விஷயம் தொடங்கியது அவளுடைய தம்பியிடம். அவன் டவுன் பஸ் கண்டக்டர். காய்ச்சல் கண்டவர் தனியறையில் இருக்க வேண்டும், கூட யாரும் தங்கக் கூடாது என்று ஆணை வந்ததும், அவளுடைய கடைக்கு எதிர்மாடியில் காலியாகக் கிடந்த அறையில் அவனைப் படுக்க வைத்தார்கள். அவனுக்குத் தொண்டை கட்டிப்போய்க் குரலே இல்லை. இந்தப் பக்கம் அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

“ஏதாவது ஒண்ணுன்னா எப்படிடா கூப்பிடுவ?” என்று அறை வாசலில் நின்றபடி கேட்டாள்.

அவன் சிரித்துக்கொண்டு கையைத் தலைக்கு மேல் தூக்கி, பஸ்ஸில் மணிக்கயிற்றை இழுப்பதுபோல் இழுத்துக் காட்டினான்.

செல்போன் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. யாரை அழைத்தாலும் முதலில் வாரியத்தின் பெண்குரல் ஒன்று வந்து, கைகழுவுவது எப்படி என்று நிதானமாகப் பாடம் எடுக்கும். அந்தப் பாடம் முடிவதற்குள் மூச்சுமுட்டுகிறவன் கதை முடிந்துவிடும்.

அதனால் அன்றே கயிறு கட்டினார்கள். தம்பியின் கட்டிலில் தொடங்கி, ஜன்னல் வழியாகத் தெருவைத் தாண்டி, அவளுடைய தையல் மெஷினுக்கு மேலே தொங்கிய தகர டப்பாவில் அது முடிந்தது. டப்பாவுக்குள் பழைய பித்தான்கள். பஸ்ஸில் இருக்கும் சட்டம்தான் இங்கேயும். ஒரு தரம் இழுத்தால் நிறுத்து, வா. இரண்டு தரம் இழுத்தால் ரைட், போகலாம். தினமும் காலையில் கண்விழித்ததும் தம்பி இரண்டு தரம் இழுப்பான். பித்தான்கள் குலுங்கும். அவள் வாய்விட்டு “ரைட்” என்று சொல்லிவிட்டுத்தான் மெஷினை மிதிக்கத் தொடங்குவாள். அந்தச் சத்தம் கேட்காமல் அவளுக்கு ஊசியில் நூல் கோக்கவே கை வராது.

பார்த்தவர்கள் எல்லாரும் கட்டிக்கொண்டார்கள். கறிக்கடைக்காரரின் மாமியாருக்கு ஒன்று, பேக்கரிக்காரம்மாவின் கணவருக்கு ஒன்று, தனியாகக் கிடந்த வாத்தியாருக்கு ஒன்று. தெருவுக்கு மேலே வானம் தெரியாத அளவுக்குக் கயிறுகள். டப்பா ஒரு தரம் குலுங்கினால், யார் சும்மா இருக்கிறாரோ அவர் ஓடுவார். யாரும் சும்மா இல்லாவிட்டால் எல்லாரும் ஓடுவார்கள். கையில் இருப்பதைக் கீழே வைக்கக்கூட நிற்பதில்லை. ஆளைக் குப்புறப் படுக்க வைத்து, மூச்சு சீரானால் பார்த்துக்கொண்டு, சீராகாவிட்டால் தச்சர் கொடுத்த கதவுப் பலகையில் கிடத்தி, தெருமுனை ஆஸ்பத்திரி வரை ஓட்டம். ஒரு நாள் வாத்தியாரின் டப்பா குலுங்கியபோது கறிக்கடைக்காரர் ரத்தக் கத்தியோடும், சலூன்காரர் திறந்த சவரக்கத்தியோடும், அவர் பின்னாலேயே பாதி சவரம் முடிந்த வாடிக்கையாளர் நுரையோடும் போய் நின்றார்கள். வாத்தியார் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, “எனக்கு ஒண்ணுமில்லப்பா, நல்லா இருக்கேன்” என்று எழுந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவருக்குக் காய்ச்சல் வரவே இல்லை.

தம்பியை மட்டும் இரண்டு முறை அப்படிப் பலகையில் தூக்கிப் போய், மூச்சுப் பிடிக்க வைத்துத் திரும்பக் கொண்டு வந்தார்கள். மூன்றாவது முறையும் பிந்தாமல் போனால் பிழைத்துக்கொள்வான், பிந்தினால் சொல்ல முடியாது என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருந்தார். தையல்காரிக்கு உலகத்தில் வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. அந்தக் கயிறு அறுந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

இந்த நேரத்தில்தான் வாரியம் தெருவைக் கண்டுபிடித்தது.

கார் வந்தது. தெருவில் விரிப்பு விரித்து, நாற்காலிகள் போட்டுப் பாராட்டுக் கூட்டம் ஏற்பாடானது. வாரியத் தலைவர் இறங்கினார். பழுத்த மனிதர், குழைவான குரல். அண்ணாந்து கயிறுகளைப் பார்த்துக் கண்கலங்கினார். “இதைத்தான் தேடிக்கொண்டிருந்தோம்” என்றார். பிறகு முதல் கேள்வியைக் கேட்டார்.

“இதற்குத் தலைவர் யார்?”

தெரு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது.

“தலைவரெல்லாம் யாருமில்லைங்க” என்றார் பேக்கரிக்காரம்மா. “டப்பா குலுங்கினா ஓடுவோம்.”

“அம்மா, ‘சமூகத் தலைமையிலான புத்தாக்கம்’ என்று விருதில் செதுக்கியாகிவிட்டது. தலைமை இல்லாமல் சமூகம் மட்டும் இருந்தால், அதற்கு எங்கள் விதிமுறையில் கூட்டம் என்று பெயர். கூட்டத்துக்கு எங்களிடம் விருது கிடையாது. கலைப்பதற்கு வேண்டுமானால் ஆள் இருக்கிறார்கள்.”

ஆட்களும் காருக்குப் பின்னால் வேனில்தான் இருந்தார்கள். தெரு அவசர அவசரமாகத் தலைவரைத் தேடியது. அதுவரை கறிக்கடைக்காரருக்கும் சலூன்காரருக்கும் தாங்கள் தலைவராகத் தகுந்தவர்கள் என்று தெரியாது. தெரிந்ததும் இருவருக்கும் பொறுக்கவில்லை.

“நான்தானே முதல்ல ஓடினவன்” என்றார் கறிக்கடைக்காரர்.

“நீ ஓடினதே என் பின்னாலதான். கொஞ்சம் கண்ணாடியில பாரு, இது தலைவர் மூஞ்சியா?”

அப்போது விழுந்ததுதான் அந்தப் பல். பதிலுக்குச் சலூன்காரரின் காது கிழிந்தது. விலக்கப் போன வாத்தியாரை யாரோ வயிற்றில் குத்தினார்கள். அப்படியே மேலும் சிலர் கலந்துகொள்ள, நாற்காலிகள் பறந்தன. வாரியத் தலைவர் ஓரமாக நின்று ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

“மக்கள் பங்கேற்பு என்பார்கள், இவ்வளவு உயிரோட்டமாக நான் எங்கேயும் பார்த்ததில்லை” என்று பக்கத்தில் இருந்த தையல்காரியிடம் சொன்னார். அவள் கையில் பல் இருந்தது. தலையை ஆட்டினாள். சண்டையில் கலந்துகொள்ளாத ஒரே ஆள் அவள்தான் என்பதால், தலைவி என்று அவள் பெயரையே எழுதிக்கொண்டார்கள்.

அடுத்து பயிற்றுநர் வந்தார். கழுத்தில் விசில், கையில் பிரம்பு. ஓடத் தெரிந்தவர்களுக்கு ஓடக் கற்றுக்கொடுப்பது அவர் வேலை. கையில் இருப்பதோடு ஓடுவது அநாகரிகம் என்று முதல் பாடத்திலேயே முடிவாகிவிட்டது. விசில் கேட்டதும் கையில் இருப்பதை வைக்க வேண்டும். கை கழுவ வேண்டும். பச்சைச் சட்டை போட வேண்டும். உயர வாரியாக வரிசையில் நிற்க வேண்டும். பிறகு இரண்டாவது விசிலுக்கு ஓட வேண்டும்.

“அதுக்குள்ள ஆளு போய்ட மாட்டானா?” என்று கேட்டார் தச்சர்.

“போனால் முறைப்படி போவார்” என்றார் பயிற்றுநர். கேள்வி கேட்டதற்காகத் தச்சரின் முழங்கையில் பிரம்பு இறங்கியது. அந்தக் கை நிமிர வெகுநாளானது.

ஊக்கம் வருவதற்காகத் தெருவின் இடது பக்க வீடுகளையும் வலது பக்க வீடுகளையும் இரண்டு அணியாகப் பிரித்தார்கள். ஆரோக்கியமான போட்டி என்று பெயர். போட்டியில் பேக்கரிக்காரம்மாவுக்குக் கணுக்கால் பிசகியது. வலது அணி தடுக்கிவிட்டதாக இடது அணி சொல்ல, மறுநாள் வலது அணியில் ஒருவருக்கு மூக்கு உடைந்தது. இந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கத்து வீட்டுக்கு ஓடுவது நின்றுபோனது. ஆஸ்பத்திரியில் மூச்சுக்காக வந்தவர்களை ஒதுக்கிவிட்டுக் கட்டுப்போட இடம் தேட வேண்டியிருந்தது. காயம்பட்டவர்கள் ஒவ்வொருவரையும் வாரியம் ‘திறன் மேம்பட்டவர்’ என்று கணக்கில் எழுதியது.

தையல்காரி பொறுமையாகத்தான் இருந்தாள். தம்பியின் டப்பா அவள் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்கும்வரை, ஊர் எப்படிப் போனால் என்ன என்று இருந்தாள். அதிலும் ஒரு நாள் கை வைத்தார்கள்.

“தகர டப்பாவா?” என்றார் தலைவர். “வாரியத்தின் பெயர் பொறித்த ஒரு புத்தாக்கத்தில் தகர டப்பாவா? வெளியார் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?”

பழைய கயிறுகளையெல்லாம் அறுத்து எறிந்துவிட்டு, வீட்டுக்கு வீடு தாம்புக்கயிறு கட்டி, அத்தனையையும் தெருமுனை மேடையில் தொங்கும் ஒரே வெண்கல மணியில் முடிந்தார்கள். மணி ஒரு ஆள் உயரம். அதைத் தூக்கும்போது ஒருமுறை நழுவி, பேக்கரியின் முன்கூரையைப் பெயர்த்துக்கொண்டு விழுந்தது. அடியில் நின்றவரின் தோள்பட்டை நொறுங்கியது. “மணிக்கு ஒன்றும் ஆகவில்லை” என்று தலைவர் எல்லாருக்கும் ஆறுதல் சொன்னார்.

ஒத்திகைக்குத் தலைவரே ஒரு தரம் இழுத்தார். கனத்த நாக்கு ஒரு பக்கம் போய் மோதியது, ஆடித் திரும்பி மறுபக்கமும் மோதியது. டாங், டாங்.

தையல்காரி முன்னால் வந்தாள்.

“ஐயா, ஒரு தரம் இழுத்தா ரெண்டு தரம் அடிக்குதே.”

“பார்த்தீர்களா! நீங்கள் ஒன்று கேட்டீர்கள், நாங்கள் இரண்டு தருகிறோம். மக்கள் எதிர்பார்ப்பை மிஞ்சுவதுதான் எங்கள் கொள்கை.”

“இல்லைங்க, ரெண்டுன்னா எங்களுக்கு ‘ஒண்ணுமில்லை, போகலாம்’னு அர்த்தம். என் தம்பி வான்னு கூப்பிட்டா, போன்னு இல்ல கேக்கும்?”

தலைவர் அவளை இரக்கத்தோடு பார்த்தார். “அர்த்தத்தை அடுத்த கட்டத்தில் எடுத்துக்கொள்ளலாம் அம்மா. இந்தக் கட்டத்தில் ஒலிக்குத்தான் ஒப்புதல் வாங்கியிருக்கிறோம்.”

அன்று சாயங்காலம் அவள் மெல்லிய கயிறு ஒன்றைத் தேடி எடுத்துப் பழைய டப்பாவை மறுபடி கட்டினாள். மறுநாள் பயிற்றுநர் அதைப் பார்த்துவிட்டார். கயிற்றை அறுத்தார், டப்பாவைத் தரையில் போட்டுப் பூட்ஸ் காலால் தகடாக மிதித்தார். பித்தான்களைப் பொறுக்கக் குனிந்தவளின் விரல்கள் மேலும் அதே பூட்ஸ் ஏறி இறங்கியது. “விழாவுக்கு முன்னால் போட்டிப் புத்தாக்கம் கூடாது” என்றார்.

விழா நாளில் மேடைக்கு வர மாட்டேன், தம்பிக்கு முந்தின நாளிலிருந்தே மூச்சு இழுக்கிறது, அறை வாசலில் இருந்துகொள்கிறேன் என்று அவள் கெஞ்சினாள். தலைவர் குழைவாகத்தான் பதில் சொன்னார். சமூகத் தலைவி இல்லாமல் சமூக விருதை யாரிடம் கொடுப்பது? அவள் மேடையில் இல்லாவிட்டால் தெருவின் அங்கீகாரம் ரத்தாகும். அங்கீகாரம் இல்லாத தெருவில் நோயாளி இருக்க முடியாது, முகாமுக்குத்தான் போக வேண்டும். முகாமுக்குப் போனவர்கள் யாரும் திரும்பி வந்து அவள் பார்த்ததில்லை. போய் மேடையில் உட்கார்ந்தாள். இடுப்பில் மட்டும், வழக்கம்போல, துணி வெட்டும் கத்தரிக்கோல் செருகியிருந்தது.

தம்பியிடம் புறப்படும்போது, “ஏதாவதுன்னா இழுடா, நான் அங்கதான் இருக்கேன்” என்று சொல்லியிருந்தாள். அவன் தாம்புக்கயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இவ்வளவு கனமா என்பதுபோல் புருவத்தைத் தூக்கினான்.

விழாவுக்குக் கூப்பிடாமலேயே இன்னொரு கார் வந்தது. அதிலிருந்து சுகாதார இயக்குநர் இறங்கினார். நோய் தன் துறையைச் சேர்ந்தது, ஆகவே மணியும் தன்னுடையது என்றார். தலைவர் ஒலிவாங்கியை விடவில்லை.

“அன்பர்களே! இந்த நோய் நமக்குக் கிடைத்த வாய்ப்பு. நோயாளிகள் மட்டும் இல்லாவிட்டால் எங்கள் வாரியம் இன்றைக்கு எங்கே இருந்திருக்கும்? இந்தத் தெரு எத்தனை உயிரைக் காப்பாற்றியது என்பது முக்கியமல்ல. அதை நாங்கள் கண்டுபிடித்தோம் என்பதே முக்கியம். மக்கள் தாங்களாகவே எதையும் செய்யலாம். நாங்கள் கற்றுக்கொடுத்த பிறகு, தாராளமாகச் செய்யலாம்!”

“பொய்!” என்று இயக்குநர் ஒலிவாங்கியைப் பறித்தார். “இவர்களுடைய மூச்சுத்திணறல் முழுவதும் எங்கள் துறையின் பதிவேட்டில் இருக்கிறது. ஒரு திணறல்கூட வாரியத்துக்குப் போகவில்லை!”

தலைவர் விருதுக் கேடயத்தை எடுத்து இயக்குநரின் மண்டையில் போட்டார். நல்ல கனமான கேடயம். இயக்குநர் சரிந்துகொண்டே தலைவரின் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தார், இருவரும் நாற்காலிகளோடு உருண்டார்கள். வேனில் இருந்த ஆட்கள் ஒருவர் பக்கமும், இயக்குநரோடு வந்தவர்கள் மற்றவர் பக்கமும் சேர்ந்துகொண்டார்கள். மேடைத் துணியில் ரத்தம் தெறித்தது. கீழே இடது அணியும் வலது அணியும் பச்சைச் சட்டையோடு உயர வாரியாக நின்று கைதட்டிக்கொண்டிருந்தன. கைதட்டவும் பயிற்சி கொடுத்திருந்தார்கள்.

அப்போது எதிர்மாடியிலிருந்து வந்த கயிறு விறைத்து மணி அடித்தது. டாங், டாங்.

“ரைட்!” என்றது தெரு மொத்தமும், பழக்கத்தில். தையல்காரியும் “ரைட்” என்றாள். அவளுக்குத் தம்பி நன்றாக இருக்கிறான் என்று ஒரு நிமிஷம் நெஞ்சு குளிர்ந்தது. அந்த ஒரு நிமிஷத்தை அவள் சாகும்வரை மன்னிக்கவில்லை.

தலைவர் இயக்குநரின் மார்பில் உட்கார்ந்தபடியே ஒலிவாங்கியை எட்டிப் பிடித்தார். “கேட்டீர்களா? பயனாளியே சொல்லிவிட்டார், எல்லாம் நலம்!”

பலத்த கைதட்டல்.

டாங், டாங். மறுபடியும் கைதட்டல்.

தையல்காரி விருட்டென்று எழுந்தாள். ஓடுகிற பஸ்ஸுக்கு எந்தக் கண்டக்டரும் திரும்பத் திரும்பப் ‘போகலாம்’ மணி அடிக்க மாட்டான். அவன் போகச் சொல்லவில்லை. கூப்பிடுகிறான்.

“விடுங்க, என் தம்பி கூப்பிடுறான்!”

வாரியத்தின் தொண்டர்கள் இருவர் அவளுடைய தோளைப் பிடித்து அமுக்கினார்கள். நன்றியுரை முடியாமல் யாரும் மேடையை விட்டு இறங்கக் கூடாது என்றார்கள். அவள் ஒருவனின் மணிக்கட்டைக் கடித்தாள், எலும்பு தட்டுப்படும்வரை கடித்தாள். மற்றவன் உள்ளங்கையில் கத்தரிக்கோல் முழுசாக இறங்கியது. மேடையிலிருந்து குதித்துக்கொண்டே, “ஓடுங்கடா! அது ரெண்டு இல்ல, ஒண்ணு! ஓடுங்க!” என்று கத்தினாள்.

வரிசையில் நின்ற கறிக்கடைக்காரர்தான் முதலில் புரிந்துகொண்டார். இரண்டாவது விசில் ஊதாமல் ஓடக் கூடாது என்று பயிற்றுநர் குறுக்கே நின்றார். அவர் மேலேயே ஏறி ஓடினார்கள். இடது அணி, வலது அணி, எல்லாக் கால்களும் அவர் மேல் ஏறி இறங்கின. விசில் அவர் வாய்க்குள் போய் எங்கோ சிக்கிக்கொண்டு, அவர் மூச்சு விடும்போதெல்லாம் ஊதிக்கொண்டிருந்தது. அந்தப் பரபரப்பில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

தம்பி கட்டிலிலிருந்து பாதி சரிந்து கிடந்தான். தாம்புக்கயிற்றை மணிக்கட்டில் சுற்றி, உடம்பு பாரத்தைப் போட்டு இழுத்திருக்கிறான். சுற்றிய இடத்தில் தோல் உரிந்து தொங்கியது. குப்புறப் போட்டார்கள், முதுகைத் தேய்த்தார்கள், பலகையில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, “எப்பவும் சீக்கிரம் வருவீங்களே” என்று மட்டும் கேட்டார். தையல்காரி அங்கேயே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். கத்தியும் சீப்பும் இல்லாமல் வெறுங்கையோடு நின்ற ஆண்களும் அழுதார்கள்.

வாரியம் அறிக்கை வெளியிட்டது. மணி ஒவ்வொரு முறையும் பிழையில்லாமல் ஒலித்தது, பயனாளியின் கடைசித் தகவல் நேர்மறையாகவே இருந்தது, காலதாமதம் மக்கள் தரப்பில் நேர்ந்தது என்று அதில் இருந்தது.

தெருவில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மணியை இறக்கிச் சாக்கடை ஓரத்தில் கவிழ்த்தார்கள். பழையபடி மெல்லிய கயிறும் தகர டப்பாவும் வீட்டுக்கு வீடு வந்தன. இடது பக்கம் வலது பக்கம் என்பதை எல்லாரும் மறந்தார்கள். தையல்காரியின் மெஷினுக்கு மேலேயும் ஒரு கயிறு தொங்கியது. எதிர்மாடியில் இழுக்க ஆளில்லாததால், அதன் மறுமுனையைத் தெருவின் மற்ற டப்பாக்களோடு சேர்த்துக் கட்டியிருந்தார் தச்சர். “உனக்கும் ஏதாவது ஒண்ணுன்னா கூப்பிடணும்ல?” என்றார். அவள் அதுவரை ஒரு தரம்கூட இழுத்ததில்லை. எப்போதும் கேட்கிற இடத்தில் இருந்தவள் அவள்.

ஒரு நாள் முற்பகலில் மறுபடி கார் வந்தது. தலைவர் நெற்றியில் தழும்போடு இறங்கி, கடைக்குள் வந்து உட்கார்ந்தார். கையில் புதிய கேடயம்.

“உங்கள் தம்பியின் பெயரில் ஒரு நினைவு விருது ஏற்படுத்தியிருக்கிறோம் அம்மா. முதல் விருது எங்கள் வாரியத்துக்கே. நீங்கள் வந்து கையால் கொடுத்தால் போதும். யோசித்துப் பார்த்தால், அவர் இறந்ததும் ஒரு வகையில் நல்லதுதான். தோல்வியிலிருந்து கற்றல் என்று தனிப் பிரிவே தொடங்க முடிந்தது. இப்படி இன்னும் இரண்டு மூன்று கிடைத்தால்...”

தையல்காரி ஊசியை மெஷினிலேயே நிறுத்தினாள். கையைத் தலைக்கு மேல் தூக்கினாள். ஒரே ஒரு தரம் இழுத்தாள்.

தெரு முழுக்கப் பித்தான்கள் குலுங்கின. யாரும் எதையும் கீழே வைக்கவில்லை. கறிக்கடைக்காரர் கத்தியோடு வந்தார். சலூன்காரர் சவரக்கத்தியோடும், அவர் வாடிக்கையாளர் நுரையோடும் வந்தார்கள். பேக்கரிக்காரம்மா நொண்டிக்கொண்டே உருட்டுக்கட்டையோடு வந்தார். தச்சர் சுத்தியலோடு வந்தார். வாத்தியார் கையில் எதுவும் இல்லாததால் வழியில் ஒரு செங்கல்லை எடுத்துக்கொண்டு வந்தார்.

“யாருக்கு என்னம்மா?” என்று கேட்டார் கறிக்கடைக்காரர்.

அவள் தலைவரைக் காட்டினாள்.

கத்தியின் மழுங்கிய பக்கத்தைத்தான் பயன்படுத்தியதாகக் கறிக்கடைக்காரர் பிறகு சொன்னார். இருக்கலாம். உருட்டுக்கட்டைக்கு மழுங்கிய பக்கம், கூரிய பக்கம் என்று எதுவும் கிடையாது. தலைவரின் முன்பற்கள் எல்லாம் கேடயத்தின் மேல் விழுந்தன. விலா எலும்பு முறியும் சத்தம் மெஷின்வரை கேட்டது. கடைசியில் அவருக்கு மூச்சு முட்டி, கண் செருகி, முகம் நீலம் பாரித்தது.

உடனே எல்லாரும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டுக் குனிந்தார்கள். அவரைக் குப்புறப் படுக்க வைத்தார்கள். முதுகைத் தேய்த்தார்கள். மூச்சு சீராகவில்லை என்றதும் கதவுப் பலகையில் கிடத்தி, ஒரு நிமிஷம் வீணாக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, “நல்ல வேளை, சரியான நேரத்துக்குக் கொண்டு வந்துட்டீங்க. பிழைச்சுக்குவார்” என்றார்.

அவர்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வருவதைத் தையல்காரி வாசலில் நின்று பார்த்தாள். சலூன்காரர் தூரத்திலிருந்தே, உயிர் இருக்கிறது என்று கையைக் காட்டினார். தம்பிக்கும் இவர்கள் இப்படித்தான் ஓடியிருப்பார்கள்.

உள்ளே போய்க் கயிற்றைப் பிடித்து இரண்டு தரம் இழுத்தாள். தெரு முழுக்க அவரவர் வாசலில் நின்று “ரைட்” என்றார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெஷினை மிதிக்கத் தொடங்கினாள்.